அல்ட்ராசவுண்டால் ரத்தக்கட்டைக் கரைக்கும்போது, அது கரைகிறதா என்று எப்படித் தெரியும்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பா இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தபோது இடது கால் வீங்கியிருக்கிறது, அல்ட்ராசவுண்டால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடைக்குள் ரத்தக்கட்டு என்று வந்திருக்கிறது, இப்போது வயிற்றில் ஹெபாரின் ஊசி போகிறது. மகளுக்கு இரண்டு சந்தேகம். அல்ட்ராசவுண்டை வைத்தே கட்டியைக் கரைக்கிறார்களாமே, அப்படியானால் ஸ்கேன் எடுத்தபோதே கொஞ்சம் கரைந்திருக்காதா? அடுத்தது, அப்படிக் கரைக்கும்போது உள்ளே கரைகிறதா இல்லையா என்று டாக்டர் எதை வைத்துச் சொல்வார்? கூடவே, வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுக்க முடியாதா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் புதுச்சேரியில் நாள் முழுக்க டாப்ளர் பார்க்கிறவன். முதல் சந்தேகத்தை உடனே முடித்துவிடலாம்: கரைந்திருக்காது. ஸ்கேன் மெஷினிலிருந்து வரும் ஒலி அலை பார்ப்பதற்குப் போதுமான அளவுதான், அதற்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். கட்டியை உடைக்கிற ஒலியின் வலிமையே வேறு. ஹிஸ்டோட்ரிப்சி என்று ஒரு முறை, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவானது. உடம்புக்கு வெளியிலிருந்து ஒலியை ஒரு புள்ளியில் குவித்து, சில மைக்ரோ வினாடிகளே நீடிக்கும் துடிப்புகளாக அடிப்பார்கள். குவியும் இடத்தில் ஏற்படும் இழுவிசை 15 முதல் 30 மெகாபாஸ்கல் வரை போகும், அதாவது காற்றழுத்தத்தைப் போல் 150 முதல் 300 மடங்கு. அந்த இழுப்பில் திசுவுக்குள் இருக்கும் நீரே பிய்ந்து குமிழிகள் கிளம்பும், கிளம்பிய வேகத்தில் நொறுங்கும். அந்தக் கொந்தளிப்பில் சிவப்பணுக்கள் உடைந்து கட்டி கூழாகிவிடும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் நிறைய இடைவெளி விடுவதால் இடம் சூடாவதில்லை. 2023இல் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. இதைக் கல்லீரல் புற்றுக்கட்டிகளுக்கு அனுமதித்தது. ரத்தக்கட்டுக்கு இன்னும் ஆராய்ச்சிக்கூடத்திலும் விலங்குப் பரிசோதனையிலும்தான் இருக்கிறது.

மற்ற வழிகள் இவ்வளவு முரட்டுத்தனமானவை இல்லை. ஒன்று, கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைக் கட்டிக்குள்ளேயே செருகி, அதன் நடுவில் வரிசையாக இருக்கும் குட்டி அல்ட்ராசவுண்ட் துண்டுகளை ஓடவிட்டு, கூடவே கட்டி கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. இதில் ஒலி கட்டியை உடைப்பதில்லை, கட்டியைப் பின்னிப் பிடித்திருக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளைத் தளர்த்தி மருந்து உள்ளே இறங்க வழிவிடுகிறது, அவ்வளவுதான். எகோஸ் என்ற பெயரில் வரும் இந்தக் கருவிக்கு நுரையீரல் ரத்தக்கட்டுக்காக 2014இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. இன்னொன்று பக்கவாதத்துக்கானது: கைவழியே மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, நெற்றிப்பொட்டில் டாப்ளர் புரோப்பை, அதாவது ஒலியை அனுப்பித் திரும்பி வருவதை வாங்கும் கைக்கருவியை வைத்து மூளை ரத்தக்குழாய்மேல் ஒலியைத் தொடர்ந்து விடுவது.

இந்த வித்தியாசத்தை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எதைக் கண்காணிப்பது என்பது எப்படிக் கரைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒலி சரியான இடத்தில் வேலை செய்கிறதா, அங்கே இருந்த கட்டி உண்மையிலேயே கூழானதா, ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்ததா? மூன்றும் தனித்தனிக் கேள்விகள், மூன்றுக்கும் ஒரே படம் பதில் சொல்லாது. இந்தத் துறையில் இருக்கிற தலைவலியே அதுதான். கட்டி இருக்கிறது என்று காட்டுவது எங்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. அதற்குள் இந்த வினாடி என்ன நடக்கிறது என்று காட்டுவதுதான் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

சாதாரண டாப்ளரில் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று முதலில் சொல்கிறேன். தொடை மடிப்பில் ஜெல் தடவி, புரோப்பைக் குறுக்காக வைத்தால் திரையில் இரண்டு கறுப்பு வட்டம் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். துடிப்பது தமனி, அதையொட்டிச் சும்மா இருப்பது சிரை. புரோப்பை மெதுவாக அழுத்தினால் தமனி அப்படியே நிற்கும், சிரை இரண்டு சுவரும் ஒட்டிக் காணாமல் போய்விடும். காணாமல் போகவில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. இதுதான் பரிசோதனையின் உயிர், கலர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏனென்றால் நேற்று உறைந்த கட்டி திரையில் கிட்டத்தட்ட ரத்தத்தைப் போலவே கறுப்பாகத்தான் தெரியும், கண்ணுக்குப் பிடிபடாது. நாளாக ஆக அது சுருங்கி, வெளுத்து, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி தொடை மடிப்பிலிருந்து முழங்காலுக்குப் பின்பக்கம் வரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இறங்குவோம். உங்கள் அப்பா காலை ஏன் இவ்வளவு தடவை அமுக்கினார்கள் என்று நீங்கள் யோசித்திருந்தால், காரணம் இதுதான். இடது கால் என்பதும் அதிசயமில்லை. வயிற்றுக்குள் இடது காலிலிருந்து வரும் சிரைமேல் வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே ஏறி அமுக்கிக்கொண்டு போகிறது, அதனால் இடது பக்கம் கட்டுவது கொஞ்சம் அதிகம்.

சரி, அழுத்திப் பார்ப்பது இவ்வளவு நம்பகமானது என்றால் சிகிச்சை நடக்கும்போதும் அதையே செய்யலாமே? முடியாது. குவித்து அடிக்கும்போது இலக்கு அசையவே கூடாது, அழுத்தினால் குழாயே இடம் மாறிவிடும். பாதி உடைந்த கட்டியை அமுக்கினால் துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போகுமோ என்ற பயமும் உண்டு. ஆக, எங்கள் கையில் இருக்கும் மிக நல்ல ஆயுதம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்தான் உதவும், நடுவில் உதவாது.

நடுவில் முதலில் கைகொடுப்பது சாதாரண கறுப்பு வெள்ளைப் படம். ஹிஸ்டோட்ரிப்சியில் குமிழிகள் கிளம்பியதும் அந்த இடம் திரையில் பளிச்சென்று மினுங்கும், ஒலியைக் குமிழி அவ்வளவு பலமாகத் திருப்பி அனுப்பும். குறி தப்பவில்லை என்று ஆபரேட்டருக்கு உடனே தெரிந்துவிடும். அடித்து முடித்ததும் அதே இடம் முன்பைவிடக் கறுத்திருந்தால், திரும்பி வரும் ஒலியைக் கொடுத்துக்கொண்டிருந்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: புதுக்கட்டி முதலிலிருந்தே கறுப்பு. கறுப்பாக இருந்தது இன்னும் கொஞ்சம் கறுத்தது என்பதை வைத்து முடிவு சொல்வது ஆபத்து. போதாததற்கு, அடிக்கும் துடிப்பின் இரைச்சலே படத்தில் கோடு கோடாக விழும், அதனால் இரண்டு அடிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் படம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இப்போதைய மெஷின்கள் வரி வரியாக ஸ்கேன் செய்யாமல் ஒரே தட்டையான அலையை அனுப்பி வினாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்க முடிவதால்தான் இந்தச் சின்ன இடைவெளியே போதுமானதாகிறது.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சுவாரசியமான காரியம் செய்தார்கள், எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். படம் எடுக்க ஒலி அனுப்புவதையே நிறுத்திவிட்டு, புரோப்பைச் சும்மா கேட்க மட்டும் வைத்தார்கள். சிகிச்சை ஒலி பட்டு அதிர்கிற குமிழி தன் பங்குக்கு ஒலி எழுப்பும், அதைக் காது கொடுத்துக் கேட்டு, எந்த இடத்திலிருந்து எவ்வளவு சத்தம் வருகிறது என்று வரைபடம் போடுவது. பேசிவ் கேவிட்டேஷன் இமேஜிங் என்று பெயர்; ஒலியால் குமிழி கிளம்பி ஆடுவதைத்தான் கேவிட்டேஷன் என்பார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டிலும் அமெரிக்காவில் சின்சினாட்டியிலும் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

கேட்பதில் என்ன லாபம் என்றால், குமிழியின் மனநிலையே சத்தத்தில் தெரிந்துவிடும். 1.5 மெகாஹெர்ட்ஸில் ஒலி விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழி நொறுங்காமல் ஊதிச் சுருங்கிக்கொண்டே இருந்தால் அதில் பாதியான 0.75இலும், ஒன்றரை மடங்கான 2.25இலும் தனியாக ஒரு சத்தம் எழும். 3 மெகாஹெர்ட்ஸில் வருவதை நம்ப முடியாது, சும்மா சதையில் ஒலி பரவினாலே இரட்டிப்பு அதிர்வெண் கொஞ்சம் கிளம்பும். 0.75உம் 2.25உம் வந்தால் மட்டும் குமிழிதான் என்று சொல்லலாம். குமிழி நொறுங்கினாலோ குறிப்பிட்ட அதிர்வெண் எதுவும் இல்லாமல் எல்லா அதிர்வெண்ணிலும் சேர்ந்த இரைச்சலாக வரும். மருந்தை உள்ளே தள்ளுவதற்கு நிதானமாக அதிரும் குமிழி போதும், கட்டியை அரைக்க வேண்டுமென்றால் நொறுங்கும் குமிழி வேண்டும். சுவருக்குப் பக்கத்தில் நொறுங்கும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். இவ்வளவையும் ஒரே புரோப் சொல்கிறது.

ஆனால் ஒரு குறை. மின்னலைப் பார்த்துவிட்டு இடி கேட்கும்வரை எண்ணினால் எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு இடியை மட்டும் கேட்டால் திசை தெரியும், தூரம் தெரியாது. கேட்க மட்டும் செய்யும் புரோப்புக்கும் இதே கதிதான், குமிழி எந்தக் கணத்தில் சத்தம் போட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால் வரைபடத்தில் பக்கவாட்டில் இடம் ஓரளவு துல்லியமாக வரும், ஆழத்தில் இழுபட்டு வால் வைத்துத் தெரியும். தொடை மடிப்பில் சிரையின் அகலமே சுமார் 10 மில்லிமீட்டர்தான், அதில் ஆழம் சில மில்லிமீட்டர் பிசகினாலே கட்டி எது, சுவர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். கணக்கு முறையை மாற்றி வாலைக் குறுக்குகிறார்கள், கணினிக்கு வேலை ஏறுகிறது. ஹிஸ்டோட்ரிப்சி போலக் குட்டித் துடிப்பாக அடிக்கும்போது நிலைமை பரவாயில்லை, துடிப்பு எப்போது கிளம்பியது என்று நமக்குத் தெரியும் என்பதால் அதையே தொடக்க நேரமாக வைத்து ஆழத்தைச் சரிசெய்துகொள்ளலாம். தொடர்ச்சியாக ஒலி விடும் சிகிச்சையில் அந்த வசதி இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குமிழி அங்கே இருந்தது என்பதும் அங்கே கட்டி கரைந்தது என்பதும் ஒன்றில்லை. பழைய, சுருங்கி இறுகிய கட்டியில் குமிழி ஆட்டம் போட்டும் ஃபைப்ரின் வலை அப்படியே நிற்கலாம். சிவப்பணுவை உடைப்பதில் குமிழி கெட்டி, இழையை அறுப்பதற்கு மருந்துதான் கெட்டி, அதனாலேயே இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

கரைந்ததா என்பதற்கு நேரடியான பதில் எலாஸ்டோகிராபியிடம் இருக்கிறது. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க இப்போது பரவலாகப் பயன்படுகிற அதே உத்தி. ஒலியாலேயே திசுவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, பக்கவாட்டில் பரவும் மெல்லிய அதிர்வு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். இறுகிய இடத்தில் வேகம், இளகிய இடத்தில் மெதுவு. கட்டி கூழாக ஆக அந்த வேகம் இறங்கிக்கொண்டே வரும், முழுத் திரவமாகிவிட்டால் அந்த அதிர்வு பரவவே பரவாது. அதனால் இங்கே அளவு கிடைக்கவில்லை என்பதே நல்ல செய்தியாக இருக்கலாம். குழாய் மிகச் சின்னது, பக்கத்தில் தமனி துடித்துக்கொண்டே இருக்கும், அது தரும் ஆட்டம் அளவைக் கெடுக்கும் என்பதுதான் இதில் வரும் தொல்லை. இருந்தாலும் கட்டி புதிதா பழையதா, இதன்மேல் ஒலியை வீணாக்கலாமா என்று முன்கூட்டியே முடிவெடுக்க எதிர்காலத்தில் இது உதவும் என்றே நான் நினைக்கிறேன்.

ரத்தம் ஓடுகிறதா என்பதற்குக் கலர் டாப்ளர். இதில் ஏமாற்றம் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டில் கலர் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். மெஷினில் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டும் கெயின் கூடினால் கலர் குழாயின் ஓரத்தைத் தாண்டி வழியும், பாதி திறந்த குழாய் முழுதும் திறந்த மாதிரி தெரியும். வேக அளவை மேலே வைத்துவிட்டால் மெதுவாக ஊர்கிற சிரை ரத்தம் கலரே காட்டாது, திறந்த குழாய் அடைத்த மாதிரி தெரியும். ஆடுதசையை ஒரு கையால் பிழிந்துவிட்டு, மேலே கலர் பாய்ந்து நிரம்புகிறதா என்று பார்த்தால்தான் திருப்தி. மிக நுண்ணிய வாயுக் குமிழிகளை ஊசியாகச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. சிவப்பணு அளவுக்கே இருக்கும் அவை குழாயை விட்டு வெளியே போகாது, அதனால் எங்கே அடைப்பு மீதி இருக்கிறது என்று சுத்தமாகக் காட்டும். ஒலிச் சிகிச்சையின்போது இதே குமிழிகள் கேவிட்டேஷனுக்கு விதையாகவும் ஆகிவிடும், ஒரே ஊசியில் இரண்டு வேலை.

சி.டி., எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே திரையில் மருந்து விட்டுப் பார்க்கும் வீனோகிராம் எல்லாம் இருக்கின்றன. வீனோகிராம் முழு வரைபடத்தையும் ஒரே பார்வையில் தரும். கதிர்வீச்சு, சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால் அடிக்கடி எடுக்க முடியாது. கேத்தீட்டர் முறையில் ஒலி ஓடும் மணிக்கணக்கான நேரம் பெரும்பாலும் படமே எடுப்பதில்லை. முடிந்த பிறகு நுரையீரல் கட்டிக்காரர்களுக்கு எக்கோவிலோ சி.டி.யிலோ இதயத்தின் வலது கீழறை, இடது கீழறையைவிட எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். 150 பேரைச் சேர்த்த சியாட்டில் 2 என்ற ஆய்வில் அந்த விகிதம் 48 மணி நேரத்தில் 1.55இலிருந்து 1.13க்கு இறங்கியது. கவனியுங்கள், இங்கே கட்டியைப் பார்க்கவில்லை, கட்டியால் திணறிய இதயம் மூச்சு விட்டதா என்றுதான் பார்க்கிறார்கள். நோயாளிக்கு முக்கியமானதும் அதுதானே.

பார்த்துக்கொண்டே செய்வது எவ்வளவு முக்கியம் என்று யோசிக்க பக்கவாத ஆய்வுகள் நல்ல இடம். 2004இல் வந்த கிளாட்பஸ்ட் ஆய்வில் 126 பேர். பயிற்சி உள்ள ஒருவர் 2 மெகாஹெர்ட்ஸ் டாப்ளரை அடைப்பின்மேலேயே குறிவைத்து, ரத்த ஓட்டச் சமிக்ஞையைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் முழுதாகத் திறந்தோ நோயாளி வெகுவாகத் தேறியோ இருந்தவர்கள் 49 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதம். அப்புறம் யாரும் குறிவைக்கத் தேவையில்லாமல் தலையில் மாட்டிவிடும் கருவி செய்து பெரிய ஆய்வு நடத்தினார்கள், 2019இல் முடிவு வந்தது, பலன் தெரியவில்லை. குறிவைக்காததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆய்வுகள் வேறு வேறு. ஆனால் எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை. இதற்கு நடுவில் 300 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்த இன்னொரு ஆய்வை, மூளையில் ரத்தக்கசிவு அதிகமானதால் பாதியில் நிறுத்தினார்கள். அதன் விவரம் 2005இல் வெளியானது. அந்த அதிர்வெண்ணில் அலை நீளம் 5 மில்லிமீட்டர் வரும், மண்டையோட்டுக்குள் பட்டுத் திரும்பி, நினைக்காத இடங்களில் போய்க் குவியலாம். எங்கே குவிந்தது என்று அப்போது யாராலும் கேட்க முடியவில்லை.

இனி உங்கள் அப்பா விஷயம். ஹெபாரின் கட்டியைக் கரைக்காது, வளரவிடாமல் பிடித்துவைக்கும், உடம்பு தானே மெல்லக் கரைத்துக்கொள்ளும். ‘அதைவிட வேகமாகக் கரைத்துவிட்டால் நல்லதுதானே’ என்று தோன்றும். 692 பேரை வைத்து 2017இல் வந்த அட்ராக்ட் ஆய்வில், கால் சிரைக்கட்டைக் கேத்தீட்டர் போட்டு மருந்தால் கரைத்தவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் நாள்பட்ட கால் வீக்கத் தொல்லை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது, 47க்கு 48 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு கரைத்தவர்களுக்குக் கூடுதல். அண்மையில் எலும்பு ஆபரேஷன் ஆனவருக்குக் கரைக்கும் மருந்து கொடுப்பது அதைவிடச் சிக்கல். அதனால் ஊசியிலேயே போவது சரியான வைத்தியம்தான், ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுக்கே மெஷினைக் கொண்டுவந்து ஸ்கேன் எடுக்க முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், கால் பார்க்கிற மெஷினாக இருந்தாலும் அதே கட்டுப்பாடுதான், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆம்புலன்ஸோ காரோ வைத்து அழைத்துப் போங்கள். அடுத்த டாப்ளருக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டோடு பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். கட்டி தொடை மடிப்புக்கு மேலே வயிற்றுப் பக்கம் ஏறியிருக்கிறதா, அழுத்தினால் எந்த இடம் மூடுகிறது, எந்த இடம் மூடவில்லை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நடுவில் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, கால் நீலம் பாரித்தாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மஞ்சக்குப்பத்திலேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, மேற்கொண்டு தேவைப்பட்டால் கோரிமேட்டில் ஜிப்மருக்கு அவர்களே அனுப்புவார்கள்.